ஃபார்மட் செய்யவா என்று கேட்டால்

தம்ப் டிரைவைச் சொருகியதும், இதை ஃபார்மட் செய்தால்தான் பயன்படுத்த முடியும், செய்யவா என்று கணினி கேட்கும். வேண்டாம் என்று சொல்லிவிட்டு டிரைவைக் கழற்றி மேசைமேல் வைத்துவிடுங்கள். முழுப் பதிவையும் படிக்க நேரமில்லாதவர்கள் இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு போகலாம். நேரம் இருக்கிறவர்கள் ஒரு காப்பி கலக்கிக்கொண்டு வந்து உட்காருங்கள். இன்று கொஞ்சம் நீளமாகவே பேசப்போகிறேன்.

நான் இருப்பது புக்கிட் பாஞ்சாங்கில், ஃபாஜார் எல்ஆர்டி நிலையத்துக்குப் பக்கத்தில். கணினி பழுது பார்ப்பது என் தொழில் இல்லை. ஆனாலும் எங்கள் புளோக்கில் யாருடைய டிரைவாவது படுத்துவிட்டால் என் வீட்டுக் கதவைத் தட்டுவது பல வருடப் பழக்கமாகிவிட்டது. வளைகாப்பு வீடியோ வரும். அரங்கேற்றத்துக்குப் பதிவு செய்த பாட்டு, ஆட ஐந்து நாள் இருக்கும்போது வரும். கோயில் தொண்டூழியர் பட்டியல், பிஎஸ்எல்இ பயிற்சித் தாள்கள், இறந்துபோன அப்பாவின் குரல், எல்லாம் விரல் நீளப் பிளாஸ்டிக்குக்குள் அடைந்து வரும்.

கொண்டு வருகிறவர்கள் பெரும்பாலும் கடைசியாகத்தான் வருகிறார்கள். அதற்குமுன் வீட்டிலுள்ள எல்லா மடிக்கணினியிலும் சொருகிப் பார்த்திருப்பார்கள். யாரோ ஒரு தம்பி சொன்னதைக் கேட்டு ஃபார்மட் செய்திருப்பார்கள். இலவச மீட்பு மென்பொருளை இறக்கி அதே டிரைவிலேயே நிறுவியிருப்பார்கள். மீட்டெடுக்க வேண்டிய கோப்புகள் கிடந்த இடத்தின்மேலேயே அந்த மென்பொருள் போய் உட்கார்ந்திருக்கும். கோளாறு வந்த நொடியில் போனதைவிட, அதற்குப் பிறகு வந்த ஒரு மணி நேரப் பதற்றத்தில் போனதுதான் நான் பார்த்தவரை அதிகம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இந்தச் சின்னப் பொருள் உலகத்துக்குப் போனதில் நம் ஊருக்குப் பெரிய பங்கு உண்டு. ஹென் டான் தலைமையிலான டிரெக் 2000 என்ற சிங்கப்பூர் நிறுவனம், 2000ஆம் ஆண்டு தொடக்கத்தில் ஜெர்மனியின் ஹனோவர் நகரில் நடந்த சீபிட் கண்காட்சியில் ‘தம்ப்டிரைவ்’ என்ற பெயரில் இதை அறிமுகம் செய்தது. இஸ்ரேலின் எம்-சிஸ்டம்ஸ் நிறுவனமும் அதே காலத்தில் இதுபோன்ற ஒன்றை உருவாக்கியிருந்தது. 2000 இறுதியில் ஐபிஎம் அதை அமெரிக்காவில் விற்றது. யார் முதல் என்ற வழக்கு நாடு நாடாகப் போனது. சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2005ல் டிரெக்கின் காப்புரிமை செல்லும் என்றது. பிரிட்டனில் பின்னர் அது ரத்தானது. அந்த முதல் தலைமுறை டிரைவ்களில் 8 எம்பி பிடித்தது. 1.44 எம்பி ஃப்ளாப்பித் தட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலைந்தவர்களுக்கு அதுவே பெரிய விஷயம். ஒரு கோப்பை இங்கிருந்து அங்கே கொண்டுபோக வேண்டும், சேர்த்ததும் வேலை முடிந்தது. இன்று அதே வகைச் சாதனத்தில் 256 ஜிபி வருகிறது என்பதால் ஒரு குடும்பத்தின் இருபது வருடத்தை அதில் வைத்து அலமாரியில் பூட்டிவிடுகிறோம். பயணத்துக்கென்று பிறந்த பொருளைப் பெட்டகமாக்கிவிட்டோம். என் கவலை முழுவதும் இங்கேதான் இருக்கிறது.

ஏன் கவலை என்பதற்கு உள்ளே என்ன நடக்கிறதென்று தெரிய வேண்டும். தோஷிபாவில் வேலை பார்த்த ஃபுஜியோ மசுவோகா 1987ல் உலகுக்குக் காட்டிய நாண்ட் வகை ஃப்ளாஷ் நினைவகம்தான் இன்றும் உள்ளே இருப்பது. மின்கடத்தாப் பொருளால் சூழப்பட்ட கண்ணுக்குத் தெரியாத அறைகளில் எலக்ட்ரான்களை அடைத்து வைக்கிறார்கள்; எவ்வளவு அடைந்திருக்கிறது என்பதே தகவல். ஒவ்வொரு முறை அழித்து எழுதும்போதும் அந்தச் சுவர் கொஞ்சம் தேய்கிறது. ஓர் அறைக்கு ஒரு பிட் மட்டும் வைத்த பழைய சில்லுகள் சுமார் ஒரு லட்சம் முறை தாங்கின. விலையைக் குறைக்க ஓர் அறைக்குள் மூன்று பிட் திணிக்கும் சில்லுகள் சில ஆயிரம் முறைகூடத் தாங்குவது கடினம். எழுதாமல் சும்மா வைத்திருந்தாலும் எலக்ட்ரான்கள் மெல்லக் கசியும்; சூடு அதை வேகப்படுத்தும். இதே நினைவகத்தில் செய்யப்படும் எஸ்எஸ்டிக்களுக்கு ஜெடெக் அமைப்பு ஒரு தரம் வைத்திருக்கிறது. எழுதும் ஆயுள் முழுக்கத் தீர்ந்த வீட்டு உபயோக எஸ்எஸ்டி, மின்சாரமில்லாமல் 30 டிகிரியில் ஓராண்டு தகவலைக் காக்க வேண்டும் என்பதே அது கேட்பது. 30 டிகிரி நம் ஊரில் சாதாரண மதியம். தம்ப் டிரைவில் போடும் சில்லு அதைவிட மட்டமாக இருப்பதே வழக்கம்.

நினைவகச் சில்லோடு கட்டுப்பாட்டுச் சில்லு ஒன்றும் உண்டு. எல்லா அறைகளும் சமமாகத் தேயட்டும் என்று அது தகவலை இடம் மாற்றிக்கொண்டே இருக்கும். எது எங்கே போனது என்ற கணக்கு அதனிடம் மட்டும்தான். தேக்கா சந்தையில் எந்தச் சாக்குக்குப் பின்னால் எந்தச் சாமானை வைத்தோம் என்பது கடைக்காரருக்கு மட்டும் தெரிவதுபோல. அது அந்தக் கணக்கை எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் நாம் டிரைவைப் பிடுங்கினால் கணக்கு பாதியில் நின்றுவிடலாம். விண்டோஸ் 10இன் 2018 பதிப்பிலிருந்து இயல்பாகவே விரைவு அகற்றல் முறை இருக்கிறது, பத்திரமாக அகற்று என்ற பொத்தான் தேவையில்லை என்று சிலர் சொல்கிறார்கள். கணினி தன் பக்கத்து வேலையை முடித்திருக்கலாம். டிரைவுக்குள் இருக்கும் சில்லு முடித்ததா என்று நமக்குத் தெரியாது. அந்தப் பொத்தானை அழுத்த ஆகும் நேரத்தைக் கொடுத்துவிடுங்கள்.

சரி, டிரைவ் படுத்துவிட்டது. முதலில் கையால் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாதபடி சுடுகிறதென்றால் உள்ளே ஷார்ட் ஆகியிருக்கலாம், மறுபடி சொருகவே கூடாது. சுடவில்லை என்றால் வேறொரு துளையில் நேரடியாகச் சொருகுங்கள். நடுவில் ஹப்போ நீட்டிப்புக் கம்பியோ வேண்டாம். மேசைக் கணினியானால் பின்பக்கத் துளை நல்லது. விளக்கும் எரியவில்லை, கணினியும் கண்டுகொள்ளவில்லை என்றால் பெரும்பாலும் முனையின் ஈயப்பற்று விட்டிருக்கும். மடிக்கணினியில் சொருகியிருக்கும்போது கை இடித்து வளைந்த டிரைவ்கள் இப்படித்தான் வரும். நகலெடுக்கும் வரைக்கும் என்று நினைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு வேலை பார்க்காதீர்கள். தொடர்பு விட்டுவிட்டு வந்தால் கணக்கும் கெடும். ஈயம் வைக்கத் தெரிந்த ஒருவர் அதைச் சரிசெய்துவிடலாம், தகவலும் அப்படியே இருக்கும்.

டிரைவின் எழுத்து தெரிகிறது, திறந்தால் ‘வட்டைச் செருகவும்’ என்கிறது, கொள்ளளவு சுழியம் என்று காட்டுகிறது என்றால் கட்டுப்பாட்டுச் சில்லு தன் கணக்கை இழந்திருக்கிறது. எந்த வீட்டு மென்பொருளும் அங்கே உதவாது, நேரத்தை வீணாக்காதீர்கள். எழுத முடியவில்லை, படிக்க மட்டும் முடிகிறது என்றால் முதலில் ஓரத்தில் பூட்டு விசை இருக்கிறதா என்று பாருங்கள். சில டிரைவ்களில் உண்டு. இல்லையென்றால், தேய்ந்துபோன டிரைவ் இனி எழுதவேண்டாம் என்று தன்னைத்தானே பூட்டிக்கொண்டிருக்கலாம். அந்தப் பூட்டை உடைப்பது எப்படி என்று தேடாதீர்கள். நல்ல எண்ணத்தோடு கொடுக்கப்பட்ட கடைசி வாய்ப்பு அது. அன்றே எல்லாவற்றையும் நகலெடுங்கள். கோப்புகளெல்லாம் குறுக்குவழிச் சின்னங்களாக மாறியிருந்தால் அது கிருமி. அச்சுக்கடைக் கணினியில் சொருகிவிட்டு வந்த டிரைவ்களில் நிறையப் பார்த்திருக்கிறேன். உண்மையான கோப்புகள் அழிந்திருக்காது, மறைக்கப்பட்டிருக்கும். அந்தச் சின்னங்களைச் சொடுக்காமல், மறைந்த கோப்புகளைக் காட்டும்படி கணினியில் மாற்றினால் பல நேரம் எல்லாம் கண்ணுக்கு வந்துவிடும்.

மிச்சம் இருப்பதுதான் ஃபார்மட் கேள்வி. அதிகம் வருவதும் இதுதான், மீள அதிக வாய்ப்பு இருப்பதும் இதில்தான்.

பக்கத்துப் புளோக்கில் இருக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இப்படித்தான் வந்தார். 

“தம்பி, என் கதை எல்லாமே இதுலதான் இருக்கு. மருமகன் ஃபார்மட் பண்ணிடலாமானு கேட்டாரு. நான் வேணாம்னுட்டேன்.”

“நீங்க வேணாம்னு சொன்னதாலதான் சார் இப்ப தைரியமா பாக்கலாம்.”

அவரை உட்காரவைத்து ஒவ்வொன்றையும் காட்டிக்கொண்டே செய்தேன். முதல் வேலை பழுது பார்ப்பதல்ல. டிரைவ் முழுவதையும், உள்ளே என்ன இருக்கிறதென்று கேட்காமல், முதல் பைட்டிலிருந்து கடைசி பைட் வரை ஒரே பெரிய கோப்பாகக் கணினிக்குள் நகலெடுக்க வேண்டும். லினக்ஸில் இதற்கு டிடிரெஸ்க்யூ என்ற கருவி இருக்கிறது. படிக்க எளிதான பகுதிகளை முதலில் அள்ளிக்கொள்ளும், முரண்டு பிடிக்கும் இடங்களைக் குறித்துவைத்துவிட்டுக் கடைசியில் திரும்பி வரும். இடையில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். சாகக்கிடக்கும் டிரைவை ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் படிக்கவைத்தால் நல்ல பகுதிகளைப் படிக்குமுன்பே அது போய்விடலாம். அந்தக் கருவியின் வரிசைக்கு இதுதான் காரணம். நகல் வந்ததும் டிரைவைக் கழற்றி ஓர் உறையில் போட்டு எடுத்துவைத்துவிட்டேன். அதன்பிறகு செய்த எல்லாம் நகலின் நகல்மேல்தான்.

விண்டோஸ் பரிந்துரைக்கும் சிகேடிஸ்க்கை இங்கே ஓட்டலாமே என்று சார் கேட்டார். அது கோப்பு அமைப்பை ஒழுங்குபடுத்துவதற்கு எழுதப்பட்டது. உங்கள் கதைகளைக் காப்பாற்றுவதற்கு எழுதப்படவில்லை. ஒழுங்குக்குப் பொருந்தாத துண்டுகளைப் பெயரில்லாத சிஎச்கே கோப்புகளாக ஒதுக்கிவிட்டு, டிரைவ் சரியாகிவிட்டது என்று சொல்லிவிடும். நகல் கையில் இல்லாமல் அதை ஓட்டக்கூடாது.

சாருடைய டிரைவ் எஃப்ஏடி32 முறையில் இருந்தது. அந்த முறையில் தொடக்கப் பகுதியின் மாற்றுப் பிரதி ஒன்று, வழக்கமாக ஆறாவது செக்டரில், இருக்கும். கோப்புகளின் இருப்பிட அட்டவணையும் இரண்டு பிரதிகள் இருக்கும். கிறிஸ்தோஃப் கிரெனியர் எழுதி இலவசமாகத் தரும் டெஸ்ட்டிஸ்க், அந்த மாற்றுப் பிரதியைக் கண்டுபிடித்து முதல் இடத்தில் வைத்தது. கோப்புறைகள் பெயரோடு வந்தன. இரண்டு மட்டும் வரவில்லை. அவற்றுக்கு கிரெனியருடைய இன்னொரு கருவியான ஃபோட்டோரெக்கை ஓட்டினேன். அது அட்டவணையைப் பார்க்காது. ஒவ்வொரு வகைக் கோப்பும் எந்த பைட்டுகளோடு தொடங்கும் என்று தெரிந்துவைத்துக்கொண்டு முழு நகலையும் அலசும். கோப்புகள் கிடைக்கும், பெயர்களும் தேதிகளும் கிடைக்காது. எண்களைப் பெயராகக் கொண்ட ஒரு குவியல் வந்து விழும்.

அந்தக் குவியலில் ஒன்றைத் திறந்தபோதுதான் சாரின் முகம் வாடியது. திரை முழுக்க ஐரோப்பிய எழுத்துகள், மேலே கோடும் புள்ளியுமாக. ‘போச்சா தம்பி?’ என்றார்.

போகவில்லை. இதைத் தமிழர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். யூனிகோடு பரவலாகுமுன் நாம் தட்டிய தமிழெல்லாம், ஆங்கில, ஐரோப்பிய எழுத்துகளின் இடங்களில் தமிழ் வடிவத்தை ஏற்றிய எழுத்துருக்களில் இருக்கிறது. முரசு அஞ்சல், திஸ்கி, டாப், டாம், பாமினி என்று ஒவ்வொன்றும் ஒரு முறை. இதைச் சீர்படுத்தப் பேசிய முக்கியமான கூட்டங்களில் ஒன்றே நம் ஊரில், 1997ல் நடந்த தமிழ்நெட் மாநாடு. அதற்கும் இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1995ல், நா. கோவிந்தசாமி இங்கிருந்துதான் தமிழை இணையத்தில் ஏற்றிக் காட்டினார். அந்தக் காலத்தில் தட்டப்பட்ட கோப்பைப் பழைய எழுத்துரு இல்லாத புதுக் கணினியில் திறந்தால் குப்பையாகத்தான் தெரியும். கெட்டுப்போன கோப்பு என்று நினைத்து அழித்துவிடுகிறவர்களை எண்ணித்தான் எனக்கு வேதனை. எந்த முறையில் தட்டினீர்கள் என்று நினைவிருந்தால் அதைச் சொல்லுங்கள். இல்லாவிட்டாலும் எழுத்துரு மாற்றியில் ஒரு பத்தியை ஒட்டி ஒவ்வொரு முறையாகப் போட்டுப் பார்த்தால் எது சரியோ அதில் தமிழ் எழுந்து நிற்கும். என்எச்எம் கன்வெர்ட்டர், பொங்குதமிழ் இரண்டும் பல காலமாகக் கைகொடுப்பவை. சாருடைய கதையின் முதல் வரி திரையில் வந்ததும் அவர் அதை வாய்விட்டுப் படித்தார்.

அச்சான சிங்கப்பூர்த் தமிழ் நூல்களுக்கு ஒரு பாதுகாப்பு கிடைத்துவிட்டது. தமிழ் மின்மரபுத் திட்டம் 1965க்குப் பிந்தைய ஐம்பது ஆண்டு இலக்கியத்தைத் திரட்டி மின்வடிவமாக்கி 2015ல் தேசிய நூலகத்தின் வழியே தந்தது. அச்சேறாத கதைகள், நாடகப் பிரதிகள், சங்கக் கூட்டக் குறிப்புகள் வீடுகளில்தான் இருக்கின்றன. அவற்றில் நிறைய இந்த மாதிரி டிரைவ்களில், இந்த மாதிரிப் பழைய எழுத்துருக்களில்.

வீட்டில் முடியாத கோளாறு என்றால் தொழில்முறை மீட்பாளரிடம் போகத்தான் வேண்டும். நமக்கு டவுன்டவுன் ரயிலில் ஏறினால் மாறாமல் ரோச்சோர் போய்விடலாம், சிம் லிம் சதுக்கம் பக்கத்திலேயே. கொடுக்குமுன் எழுத்தில் கேளுங்கள்: சோதனைக்கு மட்டும் எவ்வளவு, ஒன்றும் மீளாவிட்டால் எவ்வளவு, மீண்ட கோப்புகளின் பட்டியலைப் பணம் கட்டுமுன் காட்டுவார்களா. மிகச் சின்ன டிரைவ்களில் நினைவகமும் கட்டுப்பாட்டுச் சில்லும் ஒரே வார்ப்புக்குள் இருக்கும். மேற்பூச்சைச் சுரண்டி முடியளவு கம்பிகளை ஈயம் வைத்துத்தான் படிக்க வேண்டும். அதற்கு விலை அதிகம் சொல்வது நியாயம்தான். உள்ளே இருப்பது அந்த விலைக்குத் தகுமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்யவேண்டும்.

இணையத்தில் பத்து, பதினைந்து வெள்ளிக்கு 2 டிபி டிரைவ் என்று விற்கிறார்களே, அதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உள்ளே இருப்பது 32 ஜிபியோ 64 ஜிபியோதான். கட்டுப்பாட்டுச் சில்லைப் பொய் சொல்லவைத்திருப்பார்கள். உண்மையான இடம் நிறைந்ததும் புதுக் கோப்பு எங்கும் எழுதப்படாமல் போகும், அல்லது பழையதன்மேல் ஏறும். பட்டியலில் எல்லாப் பெயரும் இருக்கும், திறந்தால் ஒன்றுமிருக்காது. இதில் போனதை யாராலும் மீட்க முடியாது. புது டிரைவ் எங்கே வாங்கினாலும், எதையும் போடுமுன் எச்2டெஸ்ட்டபிள்யூ அல்லது எஃப்3 கருவியால் முழுக்க எழுதிப் படித்துச் சோதியுங்கள். ஓர் இரவு ஓடட்டும்.

கெடுவது ஒரு பயம் என்றால் தொலைவது இன்னொரு பயம். சங்கத்துக்காகவோ துணைப்பாட வகுப்புக்காகவோ மற்றவர்களின் அடையாள எண், முகவரி வைத்திருக்கிறவர்கள் அதைப் பூட்டாமல் எடுத்துப்போகக்கூடாது. 2021 பிப்ரவரி முதல் நடப்பில் இருக்கும் விதிப்படி, 500 பேர் அல்லது அதற்கு மேற்பட்டவர்களின் தகவல் கசிந்தாலோ, கசிந்தது பெரிய தீங்கு தரக்கூடியதாக இருந்தாலோ, ஓர் அமைப்பு அதைத் தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வெராகிரிப்ட் இலவசம், விண்டோஸ் புரோ இருப்பவர்களுக்கு பிட்லாக்கர் இருக்கிறது. கடவுச்சொல்லையும் மீட்புக் குறியீட்டையும் வேறிடத்தில் எழுதிவையுங்கள், ஏனென்றால் பூட்டிய டிரைவ் பழுதானால் மீட்பது இன்னும் கடினம். கீழே கிடக்கும் டிரைவை எடுத்துச் சொருகிப் பார்க்காதீர்கள். இலினாய் பல்கலைக்கழக வளாகத்தில் ஆய்வாளர்கள் 297 டிரைவ்களைப் போட்டு வைத்தார்கள். குறைந்தது 45 விழுக்காட்டு டிரைவ்களில் யாரோ கோப்பைத் திறந்திருந்தார்கள். 2018ல் டிரம்ப்பும் கிம்மும் இங்கே சந்தித்தபோது செய்தியாளர்களின் பையில் ஒரு யுஎஸ்பி மின்விசிறி இருந்தது. உலகமே அதைச் சந்தேகப்பட்டது. கேம்பிரிட்ஜ் ஆய்வாளர் ஒன்றைப் பிரித்துப் பார்த்து, அதில் கணினியோடு பேசும் பாகமே இல்லை என்றார். சந்தேகப்பட்டவர்கள் செய்தது சரிதான்.

எது முக்கியமோ அது மூன்று இடத்தில் இருக்கட்டும், இரண்டு வகைச் சாதனத்தில், ஒன்று வீட்டுக்கு வெளியே. கணினியில் ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, கிளவுடிலோ ஜொகூரில் இருக்கும் அக்கா வீட்டிலோ ஒன்று. தம்ப் டிரைவை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். சாருக்கும் அப்படியே செய்துகொடுத்தேன், யூனிகோடுக்கு மாற்றியதையும் மாற்றாத பழைய கோப்பையும் சேர்த்தே வைத்தேன். மாற்றும்போது எங்காவது ஓர் ஒற்று விழுந்திருந்தால் மூலத்தைப் பார்த்துத் திருத்தலாம்.

இந்த மாதம் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் எங்கள் புளோக் கீழ்த்தளத்தில் மடிக்கணினியோடு உட்காரப்போகிறேன். பழைய டிரைவ் இருந்தால் கொண்டு வாருங்கள், வேலை செய்கிறதா என்று வீட்டில் சோதிக்க வேண்டாம். அதைவிடப் பெரிய காலி ஹார்ட் டிஸ்க் ஒன்றும், உள்ளே என்ன இருந்தது, எந்த வருடம், எந்தத் தமிழ் எழுத்துருவில் தட்டியது என்று நினைவிருக்கும் அளவுக்கு எழுதிய ஒரு தாளும் கூட இருந்தால் வேலை சீக்கிரம் முடியும். டிரைவ் பெரிதென்றால் நகலெடுக்க மதியம் வரை ஆகலாம், படிக்க ஏதாவது எடுத்து வாருங்கள்.